திருவள்ளூரா, கும்மிடிப்பூண்டியா?

இரண்டும் ஒரே மாவட்டம்தான். ஆனால், திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு நேராக ரயிலில் போக முடியாது. பேசின் பிரிட்ஜ் வரை வந்து, இறங்கி, வண்டி மாறி, மறுபடி வடக்கே போக வேண்டும். கவட்டைக் குச்சியின் இரண்டு கிளைகள் மாதிரி; அடிக்கட்டை சென்னை. சென்ட்ரலிலிருந்து மேற்கே 40 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டினால் திருவள்ளூர். வடக்கே 50 கிலோமீட்டருக்குச் சற்று முன்னால் கும்மிடிப்பூண்டி. சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்க 2022-ல் முடிவானதும், இரண்டு பக்கமும் மனைப்பிரிவு போர்டுகள் முளைத்துவிட்டன. ஊருக்குள் வாடகை கட்டுப்படியாகாத குடும்பங்கள் இப்போது பார்ப்பது இந்த இரண்டு கிளைகளைத்தான்.

என் தம்பிக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. அவன் மனைவிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில். ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள். சர்க்கரையும் மூட்டுவலியும் உள்ள எங்கள் அம்மா. “நீதான் சும்மா இருக்கியே, ரெண்டு ஊரையும் பார்த்துட்டு வாயேன்” என்றான். போனேன்.

திருவள்ளூரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1997-ல் மாவட்டத் தலைநகரானதிலிருந்து கலெக்டர் ஆபீஸ், கோர்ட் என்று எல்லாம் அங்கேதான். 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. அம்மாவுக்கு அது பெரிய விஷயம். ஸ்டேஷன் பெரியகுப்பத்தில் இருக்கிறது. கோயிலும் கடைத்தெருவும் தள்ளி. ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரத்தில் வேண்டும் என்றால் பெரியகுப்பம் அல்லது தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மணவாள நகர் பார்க்கலாம். கோயில் பக்கம் வீடு எடுத்தால் ஷேர் ஆட்டோ செலவைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அமாவாசை அன்று அந்த ஆட்டோவும் நகராது. வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்து, நோய் தீர வேண்டிக்கொள்ள முதல் நாள் இரவே வந்து படுத்துவிடுகிறார்கள். தை அமாவாசை என்றால் கேட்கவே வேண்டாம். அம்மா மட்டும், “அமாவாசைக்கு அமாவாசை பெருமாளைப் பார்க்கலாமே” என்றார். ஒருவருக்கு டிராஃபிக், இன்னொருவருக்கு தரிசனம்!

கும்மிடிப்பூண்டிக்குப் போகும் வழியே வேறு மாதிரி. எண்ணூர் தாண்டியதும் சாம்பல் பூத்த வெளி, அனல் மின் நிலையப் புகைபோக்கிகள், நிலக்கரி வேகன்கள். மீஞ்சூர் வந்தால் தண்ணீர் ஞாபகம் வருகிறது. நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி, கடல் நீர் உள்ளே வந்துவிட்ட பகுதி அது. பக்கத்தில் காட்டுப்பள்ளியில் 2010-லிருந்து கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை ஓடுகிறது. பொன்னேரிக்குப் பிறகு வயல் பச்சையைப் பார்த்ததும் மனசு கொஞ்சம் இளகியது. இந்த வழியில் மனை பார்ப்பவர்கள் ஆரணி ஆற்றைப் பற்றி விசாரிக்காமல் இருக்கக் கூடாது. ஆந்திராவில் பிச்சாட்டூர் அணை திறந்தால் தண்ணீர் இந்தப் பக்கம்தான் வரும்.

கும்மிடிப்பூண்டியில் இறங்கியதும் தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றும் ஒரே டீக்கடையில் காதில் விழுந்தன. ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா, தடா, ஸ்ரீசிட்டி. இந்தப் பக்கம் சிப்காட், தேர்வாய்கண்டிகை. வேலைக்குப் பஞ்சமில்லாத ஊர்தான். வாடகை மலிவாக இருக்கும் என்று நினைத்துப் போனால் அதுதான் இல்லை. வடநாட்டுப் பிள்ளைகளுக்கு லைன் வீடு கட்டி, தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். ஓர் அறையில் ஆறு பேர். “ஃபேமிலிக்குக் கொடுத்தா ஒரு வாடகைதாம்மா வரும்” என்றார் ஒரு வீட்டுக்கார அம்மா. அவர் கணக்கு அவருக்கு. அவரே இன்னொன்றும் சொன்னார். இரும்பு உருக்கும் ஆலைப் பக்கம் காற்று அடித்தால், ராத்திரி மொட்டைமாடியில் காயப்போட்ட துணி காலையில் கறுப்பாகிவிடுமாம். பகலில் வீடு பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கும் வழக்கம் நமக்கு. அந்த ஊருக்கு அது போதாது. இரவு பத்து மணிக்கு ஒரு தரம் போய் மூச்சை இழுத்துப் பார்க்க வேண்டும்.

அங்கேதான் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமும் இருக்கிறது. முப்பது வருடங்களுக்கு மேலாக இருக்கிறார்கள். அங்கே பிறந்தவர்களுக்கே இப்போது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உண்டு. ‘இந்த ஊரா, அந்த ஊரா’ என்று யாரும் அவர்களைக் கேட்டதில்லை. அந்தச் சாலையில் நடந்தபோது, என் கையிலிருந்த வாடகைப் பட்டியலைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

இப்போது ரயில் கணக்கு. சென்னைக்கும் திருவள்ளூருக்கும் இடையே நான்கு பாதைகள். லோக்கலும் எக்ஸ்பிரஸும் ஒன்றையொன்று அதிகம் இடிக்காது. வடக்கே அத்திப்பட்டுக்கு மேல் இரண்டே பாதைகள். விஜயவாடா எக்ஸ்பிரஸ், கூட்ஸ், லோக்கல் எல்லாம் அதில்தான். ஒரு வண்டியை விட்டால் அடுத்ததற்கு ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டும். கும்மிடிப்பூண்டியில் குடியிருந்தால் தம்பிக்கு வேலை பக்கம். அவன் மனைவியோ பேசின் பிரிட்ஜ் வரை வந்து, மாறி, பட்டரைவாக்கம் போக வேண்டும். மாலையில் அதே வழியாகத் திரும்ப வேண்டும். வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைக்க எட்டரை ஆகும். திருவள்ளூர் என்றால் அவளுக்கு ஒரே வண்டி. தம்பிக்குத்தான் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் சாலை வழி. ஆனால், அவனுக்குக் கம்பெனி பஸ் உண்டு.

“உனக்குத்தான் கஷ்டம்டா” என்றேன்.

“கம்பெனி பஸ்ல எனக்கு சீட் இருக்குக்கா. தூங்கிட்டே போயிடுவேன். அவ லேடீஸ் பெட்டியில நின்னுட்டே போகணும். வந்து சமைக்கவும் செய்யணும்.”

வாடகை, பள்ளிக்கூடம், தண்ணீர் என்று நான் எழுதிய பட்டியலில் ‘உட்கார இடம் யாருக்கு’ என்ற வரியே இல்லை. அன்றே மணவாள நகரில் வீட்டை முடித்தார்கள்.

எல்லோருக்கும் இதே பதில்தான் என்று சொல்ல மாட்டேன். கணவன், மனைவி இருவருக்கும் சிப்காட்டிலோ ஸ்ரீசிட்டியிலோ வேலை என்றால், திருவள்ளூருக்கு வர ஒரு காரணமும் இல்லை. அவர்கள் பொன்னேரியைப் பார்க்கலாம். காலேஜ், சப்-கலெக்டர் ஆபீஸ் உள்ள பழைய ஊர். ஆலைகளிலிருந்து கொஞ்சம் தள்ளியும் இருக்கிறது.

புரோக்கர்கள் இரண்டு ஊரிலும் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள்: “ரிங் ரோடு வருது சார்.” பொய்யில்லை. எண்ணூர் துறைமுகத்திலிருந்து தச்சூர், திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர் வழியாக மாமல்லபுரம் பக்கம் வரை சுமார் 133 கிலோமீட்டர். கவட்டையின் இரண்டு கிளைகளையும் குறுக்கே கட்டும் கயிறு அது. ஆனால், நாளைக்கு வரப்போகும் சாலைக்கு இன்றைக்கே விலை சொல்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

தம்பியின் பஸ் இப்போதைக்குப் பெரியபாளையம் வழியாகத்தான் போகிறது. ஆடி மாத ஞாயிறுகளில் பவானி அம்மனுக்கு வேப்பிலை கட்டிக்கொண்டு வரும் கூட்டத்தில் வண்டி நகராது. அந்த மாதம் மட்டும் ஞாயிற்றுக்கிழமையில் வார லீவு கேட்டு வாங்கியிருக்கிறான்.