பதினான்கு நாள் கெடு

பணி ஓய்வு பெற்ற மறு ஆண்டு, 2019இல், முசிறிக்கு அருகே ஒரு சிற்றூரின் மாலைநேரப் பள்ளியில் ஓராண்டு ஊதியமின்றிக் கற்பிக்கச் சென்றிருந்தேன். என் தாத்தா பிறந்தது அந்த வட்டாரத்தில்தான். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர், ஊர் திரும்பாமலே சுங்கை சிப்புட்டில் மறைந்தார். ஆகவே, சொந்த மண்ணுக்குப் போகிறோம் என்றதொரு நினைப்பு எனக்கு இருந்தது. அந்நினைப்பு இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை.

180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வந்தவள் நான். வந்திறங்கிய 14 நாளுக்குள் வெளிநாட்டவராகப் பதிந்துகொள்ள வேண்டும். 2018 முதல் இதனை இணையத்திலேயே செய்யலாம். கடப்பிதழ், விசா, நிழற்படம், தொண்டு நிறுவனத்தின் கடிதம் எல்லாவற்றையும் ஒரே மாலையில் ஏற்றிவிட்டேன். எஞ்சியது முகவரிச் சான்று ஒன்றுதான். நான் குடியிருந்த வீட்டின் மின் இணைப்போ, இறந்துபோன பெரியவரின் பெயரில் இருந்தது. பிள்ளைகள் மூவர். ஒருவர் திருப்பூரில், ஒருவர் துபாயில். "நம்ம வீடுதானே டீச்சரம்மா, யாரு கேக்கப் போறா?" என்றார் உள்ளூரில் இருந்த மூத்தவர்.

கேட்டார்கள். ஒப்பந்தத்தில் ஒரு பெயர், மின்கட்டண அட்டையில் வேறு பெயர் என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. திருத்தி அனுப்பினேன். கையொப்பம் தெளிவில்லை என்று மறுபடியும் வந்தது. பதினான்காம் நாள் கடந்தது.

அதன் பிறகு தெருவில் காவலரின் மோட்டார் சைக்கிள் நின்றால், வகுப்பில் என் குரல் தானே தாழ்ந்துவிடும். 33 ஆண்டு அரசாங்க ஊழியம் செய்தவள். குற்றம் எதுவும் செய்யவில்லை. ஆயினும் அச்சம் வந்தது. தாள்கள் நனையாதிருக்க நெகிழிப் பை ஒன்றில் போட்டுக்கொண்டு, வாரம் இருமுறை பேருந்தேறி ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். ஒரு நாள் மடியில் இருந்த அந்தப் பையைப் பார்த்தபோதுதான், அதே போன்ற பையுடன் என் முன்னால் நின்ற ஒரு தாயின் நினைவு வந்தது.

2016இல் என் ஆறாம் ஆண்டு வகுப்பில் அவருடைய மகன் இருந்தான். பன்னிரண்டு வயதில் பிள்ளைகள் அடையாள அட்டை எடுக்கும் ஆண்டு அது. அவனுக்கு மட்டும் இல்லை. தந்தை இங்கேயே பிறந்த குடிமகன், தாய் இந்தோனேசியர். கோயிலில் தாலி கட்டியதோடு சரி, திருமணத்தைப் பதியவில்லை. பதியாத மணத்தில் பிறக்கும் குழந்தை குடியுரிமையில் தாயைச் சார்ந்ததாகவே சட்டம் கொள்ளும். தாய் வெளிநாட்டவரானால், இந்நாட்டில் பிறந்திருந்தும் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் 'குடிமகன் அல்லர்' என்று ஏறிவிடும். பிறகு திருமணத்தைப் பதிந்தாலும் அது தானாக மாறுவதில்லை. (திருமண வயதில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் இவ்விடத்தை மறுமுறை படிக்கவும். மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் முன்பே பதிவு நாளைக் குறித்துவிடுங்கள்.)

இவை எதனையும் நான் அன்று விசாரிக்கவில்லை. "இன்னும் வரவில்லையா? உன் பெற்றோருக்கு அக்கறையே இல்லையா?" என்று வகுப்பின் நடுவே கேட்டேன். மறுநாள் தாய் பையோடு வந்தார். "எல்லாம் குடுத்திட்டேன் டீச்சர். இன்னும் என்ன கேப்பாங்கன்னு தெரியல." நான் புள்ளிகளைப் பதிந்துகொண்டிருந்தேன். பையைத் திறந்துகூடப் பார்க்காமல், "சீக்கிரம் முடியுங்கள்" என்று அனுப்பிவிட்டேன்.

என் சிக்கல் 23ஆம் நாள் தீர்ந்தது. மூத்தவர் வாரிசுச் சான்றிதழைத் தேடி எடுத்துத் தந்தார். தாமதத்துக்கு அபராதம் கட்டினேன். அனுமதி மின்னஞ்சலில் வந்தது. எனக்கு ஓய்வூதியமும் படிப்பும் பரிந்து பேச ஒரு நிறுவனமும் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, திரும்பிப் போக ஒரு நாடும் நீல அடையாள அட்டையும் இருந்தன. அப்படியிருந்தும் ஒன்பது நாளில் நான் அப்படி ஆகிவிட்டேன்.

2020 ஜனவரியில் திரும்பியதும் அவர்கள் வீட்டைத் தேடிப் போனேன். பையன் நான்காம் படிவத்தில் இருந்தான். முதல் விண்ணப்பத்துக்கு மறுப்புக் கடிதம் வந்திருந்தது, காரணம் எழுதப்படவில்லை. தாய் பையை மேசைமேல் கவிழ்த்தார். அம்மைத் தடுப்பூசி அட்டையிலிருந்து நான் கையொப்பமிட்ட தேர்ச்சி அறிக்கை வரை ஒரு தாளும் தவறவில்லை. அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ் மறுபடியும் விண்ணப்பித்தோம். பள்ளியில் படித்ததற்குச் சான்றாக நானும் ஒரு கடிதம் எழுதினேன். மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து எல்லாம் நின்றது. ஒப்புதல் 2023இல் வந்தது. அவனுக்கு அப்போது 19 வயது.

அட்டையைக் காட்ட வந்திருந்தான். அன்று வகுப்பில் அப்படிக் கேட்டதற்கு என்னை மன்னித்துவிடு என்றேன். மறந்திருப்பான் என்றுதான் நினைத்தேன்.

"நான் கடைசி வரிசையில இருந்தேன், டீச்சர். எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க," என்றான். பிறகு, தேநீர் ஆறுவதற்குள் குடிக்கும்படி எனக்கு நினைவூட்டினான்.