ஒரே அகலத்தில் எழுத்துகள்

நண்பர் ஒருவரின் கவிதைகள் முப்பத்தொன்று என்னிடம் கார்பன் பிரதிகளாக இருக்கின்றன. எல்லாம் 1981க்கும் 1984க்கும் இடையில் தமிழ் டைப்ரைட்டரில் அடிக்கப்பட்டவை. வடபழனியில், ஆற்காடு சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், சினிமாக் கம்பெனிகளுக்கு வசனப் பிரதி அடித்துத் தரும் ஓர் அறையில் அவர் வேலை பார்த்தார். தணிக்கைக்குப் படத்தோடு அதன் வசனத்தையும் எழுத்தில் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் பேசி முடித்ததை, படமும் முடிந்துவிட்ட பிறகு, இவர் உட்கார்ந்து அடிப்பார். சாயங்காலம் முதலாளி போனதும் அதே மெஷினில் தன் கவிதை. மூன்று தாள், நடுவில் இரண்டு கார்பன். முதல் இரண்டும் அவருக்கு, மூன்றாவது எனக்கு. அவரிடம் இருந்தவை 2015 டிசம்பரில் ஜாபர்கான்பேட்டை வீட்டில் அடையாறு புகுந்தபோது போயின. அடுத்த வருஷம் அவரும் போனார். மிஞ்சியது மங்கலான மூன்றாவது பிரதி.

இவற்றை ஒரு சிறு புத்தகமாக்க வேண்டும் என்று கிளம்பியதில்தான் இந்தக் கட்டுரைக்கான விஷயம் எனக்குக் கிடைத்தது.

உயிரோடிருந்தபோது அச்சில் வந்தவை இரண்டே கவிதைகள். இரண்டிலும் அவர் விட்டிருந்த இடைவெளிகளை அச்சுக்கோப்பவர் பிழை என்று எடுத்துக்கொண்டு சரி செய்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. டைப் அடிக்கிறவர்கள் ஸ்பேஸ் பாரைத் தெரியாமல் இரண்டு மூன்று தடவை தட்டுவது வழக்கம்தான். நண்பர் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் யாருக்கும் எதையும் அனுப்பவில்லை என்பதை இப்போது, பிரதிகளின் தேதிகளை வரிசைப்படுத்தியபோதுதான் கவனித்தேன்.

1983 தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றிய கவிதையை உதாரணமாகச் சொல்லலாம். முதல் ஏழு வரிகள். ஒவ்வொன்றிலும் குடம் என்ற சொல் வருகிறது, ஆனால் வரியின் வேறு வேறு இடத்தில். டைப் அடித்த தாளில் அந்த ஏழு குடங்களும் ஒன்றின் கீழ் ஒன்றாக, தூக்குக் குண்டு விட்டுப் பார்த்ததுபோல் நிற்கின்றன. எட்டாவது வரியில் குடம் ஒரு கட்டம் வலப்பக்கம் தள்ளியிருக்கிறது. வரிசையில் யாரோ இடித்துவிட்டார்கள். கவிதை அதைப் பற்றி வேறு எதுவும் சொல்வதில்லை. சாதாரண அச்செழுத்தில் இதைக் கோத்தால் ஏழு குடங்களும் ஏழு திசைக்குப் போய்விடுகின்றன. அந்த ஒரு சொல்லை மட்டும் பிடித்து நேராக நிறுத்தலாமே என்று ஒரு இளம் நண்பர் சொன்னார். நிறுத்தலாம்தான். ஆனால் அதன் முன்னும் பின்னும் இருப்பவையும் ஒன்றன்மேல் ஒன்றாக எண்ணி வைக்கப்பட்டவை. தாள் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத கட்டம் ஒன்று ஓடுகிறது.

சார்ல்ஸ் ஓல்ஸன் 1950இல் எழுதிய ஒரு கட்டுரையில், டைப்ரைட்டரின் விறைப்புதான் கவிஞனுக்கு அதன் உபயோகம் என்கிறார். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒவ்வொரு இடைவெளிக்கும் ஒரே அகலம் என்பதால் மூச்சை எங்கே நிறுத்துவது என்று எழுதுகிறவனே குறித்துவிடலாம். நண்பர் ஓல்ஸனைப் படித்தவர் அல்ல. நாள் முழுதும் அந்த மெஷினோடு இருந்தவர், அவ்வளவுதான்.

ஓல்ஸன் சொன்னது ஆங்கில மெஷினுக்கு. தமிழில் ஒரே அகலம் என்றால் எதற்கு ஒரே அகலம்? இந்தக் கேள்வியை முதலில் எதிர்கொண்டவர் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து மலாயா, சிங்கப்பூர் என்று பிழைக்கப் போன ஆர். முத்தையா. 247 எழுத்து, விசைகளோ நாற்பத்துச் சொச்சம். அவர் எழுத்தைப் பிய்த்தார். காலும் கொம்பும் தனி அச்சாகித் தனித்தனிக் கட்டம் பெற்றன. உகரம் ஏறியவற்றில் பல பிய்க்க முடியாதவை. கு, மு, ரு எல்லாம் ஷிப்ட்டில் தனி அச்சு. இகரச் சுழிக்கும் புள்ளிக்கும் அவர் கண்ட வழிதான் சாமர்த்தியம்: நகரா விசை. புள்ளியைத் தட்டினால் தாளில் புள்ளி விழும், ஆனால் வண்டி நகராது. அடுத்துத் தட்டும் எழுத்து அதன் அடியில் வந்து உட்காரும். ஆக, தமிழ் டைப்பில் க் அடிக்கிறவன் முதலில் புள்ளியைப் போட்டுவிட்டுத்தான் ககரத்துக்குப் போகிறான். எந்தக் குழந்தையும் ஸ்லேட்டில் இப்படி எழுதியதில்லை. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து ஸைடல் அண்டு நௌமன் கம்பெனி இந்த மெஷினைச் செய்தது.

ஆகவே டைப்ரைட்டரின் கணக்குப்படி க், கி, கீ, கு எல்லாம் ஒரு கட்டம். கா, கை, கெ இரண்டு. கொ மூன்று. இலக்கணம் இதை ஒப்புக்கொள்ளாது. கொ அதற்கு ஒரே எழுத்து. கட்டளைக் கலித்துறையில் வரிக்குப் பதினாறு அல்லது பதினேழு எழுத்து என்று எண்ணும்போது கொவும் ஒன்று, கவும் ஒன்று. ஒற்றெழுத்துக்கு மட்டும் இடமே கிடையாது. வாரப் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் போட்டியிலோ ஒற்றுக்கும் ஒரு கட்டம் உண்டு. கேட்கிறவன் யார் என்பதைப் பொறுத்துத் தமிழ்ச் சொல்லின் நீளம் மாறுகிறது.

நான் பிழைப்புக்காக நாற்பது வருஷம் கம்ப்யூட்டர் நிரல் எழுதியவன். ஆரம்பத்தில் கோபாலை கோடிங் ஷீட் என்ற கட்டம் போட்ட தாளில் பென்சிலால் எழுதுவோம். முதல் ஆறு கட்டம் வரிசை எண்ணுக்கு, ஏழாவது அடையாளக் குறிக்கு, எட்டிலிருந்து பதினொன்று வரை தலைப்புகளுக்கு, பன்னிரண்டிலிருந்து எழுபத்திரண்டு வரை வாக்கியத்துக்கு. ஒரு கட்டம் தள்ளிப்போனால் மெஷின் புரியவில்லை என்று சொல்லிவிடும். பூஜ்யத்தின் குறுக்கே ஒரு கோடு இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் துளை போடும் பெண் அதை ஓ என்று குத்திவிடுவாள். நண்பர் சந்துக்குள் குடங்களை அடுக்கிக்கொண்டிருந்த அதே மாதங்களில் நான் அண்ணா சாலையில் ஒரு மாடியில் இந்தக் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தேன். இருவரும் ஒரே வேலையைச் செய்கிறோம் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் இருவரும் சிரித்திருப்போம்.

கோடிங் ஷீட் போய்த் திரை வந்தது. கட்டம் மட்டும் போகவில்லை. இன்றும் நிரல் எழுதுகிறவர்கள் சம அகல எழுத்தில்தான் எழுதுகிறார்கள், எந்த எழுத்து நல்லது என்று சண்டையும் போடுகிறார்கள். ஐபிஎம்முக்காக ஹவர்ட் கெட்லர் ஐம்பதுகளில் வரைந்த கூரியரில் ஒவ்வொரு எழுத்துக்கும் அகலம் ஆயிரத்துக்கு அறுநூறு. மெலிந்த ஐ தன் கட்டத்தை நிரப்பப் பாதம் வைத்துக்கொள்கிறது; எம் தன் மூன்று கால்களையும் ஒடுக்கிக்கொள்கிறது. பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்பது இந்த எழுத்தை வரைகிறவனின் முதல் கவலை அல்ல. பூஜ்யமும் ஓவும், ஒன்றும் எல்லும் ஒன்றுக்கொன்று மாறிப்போகக் கூடாது. இரவு இரண்டு மணிக்கு, கண் எரியும்போது, மாறிப்போகக் கூடாது.

தமிழிலும் இந்த ஆபத்து உண்டு, சற்று அதிகமாகவே. காலையும் ரகரத்தையும் குழப்பாதவர் யார்? கௌ என்பதில் வருவது ளகரம் அல்ல என்று எத்தனை பேருக்குத் தெரியும்? தமிழ் எண் ௧ க போலவும், ௭ எ போலவும், ௮ அ போலவும் இருக்கின்றன. ஆனால் கன்ஸோலாஸ், மென்லோ என்று நிரலர்கள் கொண்டாடும் எழுத்துகளில் தமிழே இல்லை. தமிழ் வந்தால் கம்ப்யூட்டர் வேறெங்கிருந்தோ ஓர் எழுத்தை இரவல் வாங்கிப் போடும். அது கட்டத்தை மதிக்காது. எழில் என்று தமிழிலேயே நிரல் எழுத ஒரு மொழி இருக்கிறது. செய்தவர் முத்து அண்ணாமலை என்ற பெயரில் அறியப்படுபவர், முழுப்பெயர் முத்தையா. டைப்ரைட்டர் முத்தையாவுக்குப் பிறகு இன்னொரு முத்தையா. அதில் ஆனால், இல்லை, முடி என்றெல்லாம் எழுதலாம். எழுதினால் வரிகள் பல்வரிசை தவறித் தெரியும்.

எழுத்து இல்லை என்பதோடு இது முடியவில்லை. திரையில் எந்த எழுத்துக்கு எத்தனை கட்டம் என்று தீர்மானிக்க மார்க்கஸ் குன் எழுதிய ஒரு சிறு நிரலைப் பல இடங்களில் பின்பற்றியிருக்கிறார்கள். அது யூனிகோடின் வகைப் பட்டியலைப் பார்க்கும். இடம் கொள்ளாத குறிக்குப் பூஜ்யம் கட்டம், இடம் கொள்ளும் குறிக்கு ஒரு கட்டம். அந்தப் பட்டியலில் புள்ளியும் நெடில் ஈகாரச் சுழியும் இடம் கொள்ளாதவை. குறில் இகரச் சுழி இடம் கொள்வது! உகரமும் இடம் கொள்வது. இதன்படி விடு என்ற சொல்லுக்கு நான்கு கட்டம், வீடு என்ற சொல்லுக்கு மூன்று. தொல்காப்பியம் படித்தவர்களுக்குத் தலை சுற்றும்: விடு இரண்டு மாத்திரை, வீடு இரண்டரை. குறிலை நீட்டி நெடிலைக் குறுக்கிவிட்டார்கள். யாரும் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள். ஒன்று பக்கத்தில் நிற்கிறது, இன்னொன்று தலையில் நிற்கிறது என்று எங்கோ யாரோ பார்த்த பார்வை, அவ்வளவுதான். கொவின் கதை இன்னும் வேடிக்கை. ஒரே குறியீடாகச் சேமித்தால் இரண்டு கட்டம், கொம்பும் காலுமாகச் சேமித்தால் மூன்று. தாளில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்து ஏற்றுக்கொண்ட டேஸ்16 முறையில் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் ஒரு தனி எண். கி ஒன்று, கொ ஒன்று. இலக்கணக்காரர்களுக்கு இது உவப்பானது. நண்பரின் குடங்களுக்கு இதுவும் உதவாது. அவருடைய கொ மூன்று கட்டம் எடுத்துக்கொண்ட கொ. அந்த மூன்றையும் எண்ணித்தான் அடுத்த வரியில் இடைவெளி விட்டிருக்கிறார்.

கடைசியில் நானே வரைய உட்கார்ந்தேன். ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற இலவச மென்பொருள், அறுபது வயதுக்கு மேல் வந்த பொறுமை. முத்தையாவின் கணக்கையே எடுத்துக்கொண்டேன்: சுழிகளுக்கும் புள்ளிக்கும் பூஜ்யம், மற்ற ஒவ்வொரு துண்டுக்கும் 720. அறுநூறில் தமிழ் மூச்சுவிடவில்லை. காலும் டகரமும் 720இல் அனாதையாக நின்றன. டகரத்தின் அடிக்கோட்டை நீட்டினேன், காலை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே விட்டேன். டைப் அடித்த தமிழில் கால் எப்போதும் தன் எழுத்திடமிருந்து கொஞ்சம் விலகித்தான் நின்றது. அந்த விலகலுக்கு நம் கண் ஒரு காலத்தில் பழகியிருந்தது.

ணகரத்துக்குத்தான் மூன்று வாரம். மூன்று சுழியும் ஒரு வளைவும் டகரத்துக்குக் கொடுத்த அதே கட்டத்துக்குள் வர வேண்டும். ஒடுக்கினால் சுழிகளின் கண் அடைந்து ன ஆகிவிடுகிறது. உயர்த்தினால் அது மட்டும் வரியில் தலை தூக்கி நிற்கிறது. கடைசியில் நடுச் சுழியை முழு வட்டமாக்காமல் இடுக்கி வைத்தேன். அழகில்லை. ஆனால் னகரத்தோடு குழம்பாது.

இத்தனை பாடு எதற்கு என்றால், பதினேழாவது கவிதை. அதன் கடைசிச் சொல்லின் நடு எழுத்தில், மூன்றாவது கார்பனில், சுழிகள் ஒரு கறுப்புப் பொட்டாக இருக்கின்றன. மணம் என்று படிக்கலாம். மனம் என்றும் படிக்கலாம். கவிதை கோயில் தெருவில் பூ விற்கிறவளைப் பற்றியது. மணம் என்றால் அது ஒரு நல்ல கவிதை. மனம் என்றால், அதற்கு முந்தைய எட்டு வரிகளையும் வேறு மாதிரிப் படிக்க வேண்டும். அவள் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே ஏன் உட்கார்ந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் விளங்குகிறது.

நான் செய்த எழுத்தில் இரண்டு சொல்லையும் அடித்து, பிரதியின் படத்தின்மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். இரண்டும் கச்சிதமாகப் பொருந்தின. பொருந்தாமல் எப்படி இருக்கும்? எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். ஈய எழுத்தில் கோத்த பிரதியாக இருந்தால் ணகரம் அகலம், னகரம் குறுகல். மை எப்படி அடைந்திருந்தாலும் ஸ்கேல் வைத்து அளந்து சொல்லிவிடலாம். குடங்களை வரிசையில் நிற்க வைத்த அதே கட்டம் இங்கே தடயத்தை அழித்துவிட்டது.

அவருடைய மனைவியிடம் கேட்டேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "கண்ணாடி மாத்தணும் தம்பி, எனக்கு இப்பல்லாம் எதுவும் தெரியறதில்லை" என்றார். பிறகு சற்று நேரம் கழித்து, அந்தப் பூக்காரி யார் என்று தனக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னார். நான் மேலே கேட்கவில்லை.

வாஹினி ஸ்டூடியோ வளாகத்தில் மால் வந்துவிட்டது. நண்பர் வேலை பார்த்த சந்தில் அந்த அறை இருந்த இடத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அங்கேதான் அந்தத் தாளைப் பெரிதாக்கிப் பார்த்தேன், இருநூறு சதவீதம், நானூறு சதவீதம். பொட்டு பெரிய பொட்டாயிற்று. புத்தகத்தில் அந்த ஓர் எழுத்தை மட்டும் பிரதியிலிருந்தே படமாக வெட்டி ஒட்டியிருக்கிறேன். சரியாக ஒரு கட்டம். ஆனால் கம்ப்யூட்டரில் இருக்கும் கோப்பில் பொட்டு என்று ஓர் எழுத்துக்கு எண் கிடையாது. ண என்றோ ன என்றோ ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். இப்போதைக்கு ஓர் இடைவெளி விட்டிருக்கிறேன்.