இடித்துரைக்கும் துணை

சங்கம் ஒன்றின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செயற்குழுவுக்கு ஆள் தேடும் வேளையில் நாம் என்ன செய்கிறோம்? ஓய்வு உள்ளவர் யார் என்று பார்க்கிறோம். அல்லது நமக்கு வேண்டியவர் யார் என்று பார்க்கிறோம். ஒருவர் முன்மொழிய, மற்றொருவர் வழிமொழிய, கைதட்டலோடு காரியம் முடிந்துவிடுகிறது. வீடு திரும்பும் வழியிலேயே யாரைத் தேர்ந்தெடுத்தோம் என்பதையும் மறந்துவிடுகிறோம். செல்வரும் கற்றோரும் கூடும் தனியார் கோல்ஃப் மன்றங்களுக்கும் இச்சோதனை உண்டு.

கொடைக்கானலிலும் கிண்டியிலும் சாலையோரம் செல்கையில் நாம் கண்டு வியந்த பசும்புல் வெளிகள் தாமாகவே விளங்குவன அல்ல. புல்லைப் பேணுதல், போட்டிகளை நடத்துதல், வரவு செலவைக் காத்தல் என அனைத்துக்கும் பொறுப்பேற்க ஒரு குழு வேண்டும். இவற்றினும் பெரிய பொறுப்பு ஒன்றும் அக்குழுவுக்கு உண்டு. யாரை உள்ளே அழைப்பது, யாரை வெளியே நிறுத்துவது என்னும் கேள்வியை உறுப்பினர் முன் வைக்க வேண்டியவர்களும் அவர்களே.

ஸ்காத்லாந்தில், எடின்பரோ நகருக்குக் கிழக்கே, மியூர்ஃபீல்டு என்னும் புகழ்பெற்ற கோல்ஃப் திடல் உள்ளது. அதனை உடைய மன்றம், 1744ஆம் ஆண்டிலேயே இவ்விளையாட்டுக்குப் பதின்மூன்று விதிகளை எழுதி வைத்த பழம்பெரும் மன்றமாகும். பெண்கள் அங்கே விருந்தினராக வந்து ஆடலாம். உறுப்பினராக மட்டும் இயலாதிருந்தது. இரண்டு ஆண்டுகள் உறுப்பினரின் கருத்தைக் கேட்டறிந்த பின், பெண்களையும் சேர்க்க வேண்டும் என்று செயற்குழு பரிந்துரைத்தது. உறுப்பினருள் ஒரு சாரார் அதனை எதிர்த்து மடல் எழுதினர். ஆட்டத்தின் வேகம் குறையும், நண்பகல் உணவின் பழைய வழக்கம் கெடும் என்பன அவர்கள் காட்டிய காரணங்களுள் சில.

2016 மே மாதம் முடிவு வெளியாயிற்று. ஆதரவாக 397 வாக்குகள், எதிராக 219. மூன்றில் இரு பங்கு ஆதரவு வேண்டும் என்பது விதியாதலால், 14 வாக்குக் குறைவில் தீர்மானம் தோற்றது. இந்நிலை நீடிக்கும் வரை ஓப்பன் போட்டி அத்திடலில் நடைபெறாது என்று, அப்போட்டியை நடத்துவோர் அன்றே அறிவித்தனர்.

இச்செய்தியை நம் இல்லத்தில் பேசியபோது பிள்ளைகள் கேட்டனர்: “இடமும் அவர்களுடையது, பணமும் அவர்களுடையது. யாரைச் சேர்ப்பது என்பது அவர்கள் விருப்பம் அல்லவா?” நியாயமான கேள்விதான். தனி மன்றத்துக்குத் தன் விருப்பம் உண்டு. ஆனால் வெளியே நிற்பவருக்கு அங்கே வாக்கு இல்லை. தமக்காகப் பேசவும் வழியில்லை. அவர்களுக்காக உள்ளிருந்து பேச ஒருவராவது வேண்டும் அன்றோ?

தோல்வியோடு அந்த மன்றம் இக்கேள்வியை மூடிவிடவில்லை. மீண்டும் வாக்கெடுப்பு நடந்தது. 2017 மார்ச்சில் 498 பேர் ஆதரித்தனர். 123 பேர் மட்டுமே எதிர்த்தனர். பெரும் போட்டியை இழந்த வருத்தமும் மனங்களை மாற்றியிருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், முதன்முறை பரிந்துரைக்கவே செயற்குழு அஞ்சியிருந்தால் இரண்டாம் முறைக்கு இடமேது? 2019இல் பெண்கள் உறுப்பினராயினர். 2022இல் பெண்களுக்கான ஓப்பன் போட்டியே அத்திடலில் நடைபெற்றது.

இடித்துரைக்கும் துணையின் அருமையை வள்ளுவர் அரசனுக்கு எடுத்துரைத்தார். அது சங்கங்களுக்கும் பொருந்தும். நம் எண்ணத்தையே எதிரொலிப்பவர் நமக்கு இனியவர். ஆனால் அவரால் சங்கம் ஓர் அடியும் முன்னேறாது. தம்மைத் தேர்ந்தெடுத்தவரிடமே கசப்பானதைப் பணிவோடு சொல்பவர், தோற்றபின் முகம் திருப்பிக் கொள்ளாமல் மறுநாளும் பணிக்கு வருபவர், அவரே செயற்குழுவுக்கு உரியவர். அத்தகையவர் பெரும்பாலும் தாமாக முன்வருவதில்லை. கூட்டத்தின் கடைசி வரிசையில் அமைதியாக அமர்ந்திருப்பார். அடுத்த முறை பெயரை முன்மொழிய எழும்போது, அவ்வரிசையையும் ஒருமுறை திரும்பிப் பார்ப்போமா?