‘வேண்டாம்’ என்பதும் ஓர் அளவு

பிளவுஸ் தைக்கக் கற்றுக்கொள்ளப் போன முதல் மூன்று மாதம் நான் மிஷினில் உட்காரவே இல்லை. எம்மிங் பண்ணினேன், ஊக்கு கட்டினேன், ஆல்ட்ரேஷனுக்கு வந்த துணிகளில் பழைய தையலைப் பிரித்தேன். மதுரையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே, எனக்குத் தையல் சொல்லிக்கொடுத்த அக்காவின் கடை. இரண்டு மிஷின், ஒரு கட்டிங் மேஜை, சுவரில் ஒரு முழுநீளக் கண்ணாடி, அவ்வளவுதான்.

அக்காவின் அப்பா புது மண்டபத்தில் தைத்தவர். மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே, 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம் அது. சிற்பத் தூண்களுக்கு நடுவே வரிசையாக மிஷின் போட்டு டெய்லர்கள் உட்கார்ந்திருப்பார்கள். காலையில் ஒரு சட்டையைக் கொடுத்தால், சாயங்காலம் அச்சு அசலாக இன்னொன்று கையில் இருக்கும். வெளிநாட்டுக்காரர்கள் அதற்காகவே தேடி வருவார்கள். இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. பார்த்ததைப் பார்த்தபடி தைக்கும் அந்தக் கை அக்காவுக்கும் வாய்த்திருந்தது. போனில் எந்தப் படத்தை நீட்டினாலும் தைத்துவிடுவார். கை வேலை வரும், அதை எங்கே நிறுத்துவது என்பதுதான் கஷ்டம் என்பார். அதை நான் கற்றுக்கொண்டது அவருடைய அளவு நோட்டிலிருந்து.

நீளவாக்கில் கோடு போட்ட கணக்கு நோட்டு. ஒவ்வொரு பெயருக்குக் கீழும் உயரம், தோள், மார்பு, இடுப்பு, ஆம்ஹோல், கை நீளம், கை சுற்று, முன்கழுத்து, பின்கழுத்து என்று எண்கள் இறங்கிக்கொண்டே போகும். சில பெயர்களில் மட்டும், எண்களுக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு வரி இருந்தது. ‘நாடா வேண்டாம்.’ ‘கல், மணி வேண்டாம்.’ ‘பஃப் வேண்டாம், கை முழங்கைக்கு 2 இஞ்ச் மேலே.’

இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். “மத்ததெல்லாம் டேப் எடுத்த அளவு பாப்பா. இது அவங்களே தங்களுக்கு எடுத்துக்கிட்ட அளவு. கத்தரியை எடுக்கறதுக்கு முன்னாடி இதைப் பாரு” என்றார்.

சிவப்பு வரி உள்ளவர்கள் முப்பது பேர்கூட இருக்க மாட்டார்கள். அவர்கள் வரும் நாட்களில் நான் கூர்ந்து கவனிக்க ஆரம்பித்தேன். வசதியானவர்கள் என்று நினைத்திருந்தேன், அப்படி இல்லை. ஒருவர் வங்கியில் வேலை பார்த்தார். ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. ஒருவர் பூக்கட்டி விற்பவர்.

பூக்கார அம்மா வருஷத்துக்கு இரண்டு பிளவுஸ்தான் தைப்பார், இரண்டும் காட்டன். அவர் பெயருக்குக் கீழே ‘அக்குள் இறக்கம் வேண்டாம்’ என்று இருந்தது. தைத்த பிளவுஸைப் போட்டுப் பார்க்கும்போது கண்ணாடிப் பக்கம் அவர் பார்வை முதலில் போகாது. கடை நடுவில் நின்று, வெறுங்கையால் ஒரு முழம், இரண்டு முழம் என்று இல்லாத பூவை அளப்பார். கை போய் வரும்போது இடுப்புப் பட்டி மேலே ஏறக் கூடாது. ஏறினால் ஆம்ஹோல் இறங்கிவிட்டது என்று அர்த்தம். ஆம்ஹோலை இறக்கி வெட்டினால் கைக்குத் தாராளமாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மை நேர்மாறானது. அக்குளை ஒட்டி உயர்த்தி வெட்டினால்தான் கை தனியாக அசையும், இறக்கி வெட்டினால் கையோடு சேர்ந்து பிளவுஸ் முழுவதும் எழும்பும். ‘லூசா, ஃப்ரீயா’ என்று எந்தப் பாணி வந்தாலும் அந்த அம்மா அசைந்துகொடுத்ததில்லை. ஒரு நாளைக்கு எத்தனை நூறு முறை கையை நீட்டி மடக்குகிறோம் என்பது அவருக்குத் தெரியும்.

வங்கி அம்மாவுக்கு நாடா வேண்டாம். முதுகில் இரண்டு நாடா கட்டி, நுனியில் குஞ்சமோ மணியோ தொங்கவிடுவது இங்கே பல வருஷமாக ஓடுகிற பாணி. நாடாவுக்கு உண்மையில் ஒரு வேலை உண்டு. பானைக் கழுத்து மாதிரி பின்கழுத்து அகலமாகவும் ஆழமாகவும் இறங்கும்போது தோள் இரண்டு பக்கமும் நழுவும், அதை இழுத்துப் பிடிப்பதற்காக வந்ததுதான் நாடா. கழுத்தை அளவாக வெட்டிவிட்டு, படத்தில் இருக்கிறதே என்று நாடாவும் வைத்தால் அது பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. நாற்காலியில் சாயும்போது குஞ்சம் முதுகில் உறுத்தும், பைக்குள் சிக்கும். “எனக்குத் தோள் நழுவல, எதுக்கு அந்த நாடா?” என்று அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அன்றிலிருந்து எந்த அலங்காரத்தைப் பார்த்தாலும், இது இங்கே என்ன வேலை செய்கிறது என்று நானும் கேட்டுப் பார்க்கிறேன்.

தமிழாசிரியை பெரும்பாலும் சுங்குடிதான் கட்டுவார். துணியை நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் நனைத்து எடுக்கும் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்தப் புடவைக்கு அச்சிட்ட துணியில் டிசைன் பிளவுஸ் போடலாமே என்று ஒரு நாள் நானே வாயைத் திறந்தேன். கோபிக்காமல் புடவையை மேஜையில் விரித்தார். “இதுல ஒவ்வொரு புள்ளியும் ஒருத்தர் விரலால போட்ட முடிச்சும்மா. பக்கத்துல நீ இன்னொரு டிசைன் வெச்சா கண்ணு எதைப் பார்க்கும்?” புடவையின் சாயத்திலேயே ஓர் ஓரத்து நிறம், ஒற்றை வண்ணத் துணி, மெல்லிய பைப்பிங். அவருக்கு அது போதும்.

தைத்த பிளவுஸை வாங்கியதும் அவர் முதலில் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். தையல் ஓரம் எத்தனை விட்டிருக்கிறோம், லைனிங் சுருங்காமல் இருக்கிறதா, டாட் நுனி கூம்பாமல் ஓடி அடங்கியிருக்கிறதா என்று விரலால் தடவுவார். லைனிங் துணியைத் தண்ணீரில் நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் அக்கா வெட்டுவார். இல்லாவிட்டால் முதல் சலவையில் லைனிங் சுருங்கும், மேல்துணி அலை அலையாக நிற்கும். பக்கத் தையலில் ஒன்று, ஒன்றரை இஞ்ச் துணி உள்ளே விட்டுவைப்பார். உடம்பு கூடினால் பிரித்து விடலாம், ஐந்தாறு வருஷம் உழைக்கும். வெளியே எந்தப் படத்திலும் இதெல்லாம் தெரியாது. சிவப்பு வரி உள்ளவர்கள் காசு கொடுத்தது இதற்குத்தான்.

இரண்டாம் வருஷம் ஒரு பொண்ணு தன் கல்யாணப் பிளவுஸை எடுத்துக்கொண்டு வந்தார். நான் சேர்வதற்கு முன் எங்கள் கடையில் தைத்தது. பட்டில் ஆரி வேலை. துணியை வெட்டும் முன்பே கழுத்தும் கையும் குறித்து, சட்டத்தில் இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் சங்கிலித் தையல் போட்டு, கல்லும் ஜர்தோசியும் பதிப்பார்கள். கையில் மணமக்கள் பெயர், முதுகில் இருவர் உருவம். அந்த வருஷம் எல்லாரும் கேட்ட மாதிரி. கல்யாணத்தில் ஒரே ஒரு நாள் உடுத்தினார். கையை முழுசாகத் தூக்க முடியவில்லை, அக்குளில் ஜர்தோசிக் கம்பி உரசிப் புண்ணாகிவிட்டது. இப்போது தங்கை கல்யாணத்துக்கு அதே காஞ்சிபுரம் புடவையைக் கட்ட ஆசை. கல்லையெல்லாம் எடுத்துக் கொடுங்கக்கா என்றார்.

நான்கு நாள் உட்கார்ந்து பிரித்தேன். மேல்பக்கம் கல்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடிப்பக்கம் நூலை ஓரிடத்தில் வெட்டினால் சங்கிலி வரிசையாக உருவிக்கொண்டு வரும். நூல் வந்துவிட்டது. ஊசி போன துளைகள் போகவில்லை. வெளிச்சத்தில் பிடித்தால் பெயரின் ஒவ்வோர் எழுத்தும் துளை துளையாகத் தெரிந்தது. அக்கா ஈரத்துணி போட்டு ஆவியில் இஸ்திரி வைத்துப் பார்த்தார். சில துளைகள் மூடின, பல மூடவில்லை. புடவையை விரித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. முந்தானை தோளில் விழும் இடத்தில் கற்கள் உரசி மூன்று இடத்தில் பட்டு இழை இழுத்துக்கொண்டிருந்தது. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் ஓடவிட்டு, ஒவ்வோர் இழையிலும் இரண்டையும் கோர்த்து நெய்வது காஞ்சிபுரத்துக் கோர்வை. தறியில் இரண்டு பேர் உட்கார்ந்து நெய்கிற வேலை. அந்தப் புடவைக்கு நாங்கள் தைத்துக் கொடுத்த பிளவுஸே அதைச் சேதம் பண்ணியிருந்தது.

பிளவுஸ் பீஸில் மிச்சம் எதுவும் இல்லை. கரை நிறத்தில் வேறு பட்டு வாங்கி, கையையும் முதுகையும் மாற்றி வெறுமையாகத் தைத்துக் கொடுத்தோம். அன்று சாயங்காலம் அக்கா மிஷினை மூடாமல் உட்கார்ந்திருந்தார். “கேட்டாங்க, தைச்சேன். புடவையைத் தொட்டுப் பார்த்தேன்ல, ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்” என்றார். வேறு எதுவும் பேசவில்லை. மறுநாளிலிருந்து அளவு எடுத்து முடித்ததும் ஒவ்வொருவரிடமும், “இதுல வேணாம்னு ஏதாச்சும் இருக்காம்மா?” என்று கேட்க ஆரம்பித்தார். சிவப்பு மை சீக்கிரம் சீக்கிரமாகத் தீர்ந்தது.

அக்கா ஃபேஷனுக்கு எதிரி இல்லை. 1985இல் ‘பூவே பூச்சூடவா’ வந்த பிறகு நதியா கம்மல், நதியா வளையல், நதியா சேலை என்று ஊரே அலைந்தது. அக்காவும் அந்தக் கம்மல் போட்டுக்கொண்டு எடுத்த போட்டோ கடையில் மாட்டியிருக்கிறது. அதைக் காட்டித்தான் எனக்குச் சொன்னார்: “கம்மல்ல ஃபேஷன் பண்ணு. சலிச்சா கழட்டி வெச்சிரலாம். பட்டுல பண்ணாத.” இந்த ஒரு வாக்கியத்தில் நான் கற்ற தொழிலின் பாதி இருக்கிறது. ஒரு வருஷத்தில் சலிக்கப்போவதை முப்பது வருஷம் உழைக்க வேண்டியதில் தைத்துவிடக் கூடாது. துணி எத்தனை காலத்துக்கு என்று முதலில் பார்க்க வேண்டும், அதற்கு அப்புறம்தான் டிசைன்.

ரசனை உள்ளவர்கள் என்று நாம் மெச்சுகிறவர்கள் ஒதுக்குவது எதை என்று இப்போது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. குஞ்சம், கல், பஃப் என்று ஒரு பட்டியல் இல்லை அது. நழுவும் தோளுக்கு நாடா கேட்டு வாங்குகிற அம்மாவும் எங்கள் கடைக்கு வருகிறார், அவருக்கு அது அழகாகவே இருக்கிறது. அவர்கள் ஒதுக்குவது, தங்கள் உடம்பையும் தங்கள் வேலையையும் அந்தப் புடவையையும் கேட்காமல் வந்து ஒட்டிக்கொள்வதை. அதைக் கண்டுபிடிக்கப் பணம் வேண்டியதில்லை. கையை நீட்டி ஒரு முழம் அளந்து பார்த்தால் போதும்.

நான் தனியாக வெட்டித் தைத்த முதல் பிளவுஸ் என் அம்மாவுக்கு. நீல நிறச் சுங்குடிக்கு வெள்ளைக் காட்டன். அளவு எடுத்த பிறகு கேட்டேன். அம்மா யோசித்து, “கை இறுக்கம் வேண்டாம், பாத்திரம் தேய்க்கறப்ப பிடிக்குது” என்றார். இருபது வருஷமாகக் கை இறுக்கமான பிளவுஸ் போட்டிருக்கிறார், எந்த டெய்லரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. நோட்டில் எழுதினேன், சிவப்பு மையில்.

அடுத்த முறை துணியைத் தைக்கக் கொடுக்கப் போகும்போது போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள், தப்பில்லை. கூடவே, அந்தப் படத்தில் உங்களுக்கு வேண்டாதது எது என்று ஒன்றையாவது சொல்லிவிட்டு வாருங்கள். உங்கள் டெய்லர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.