நங்கூரமிட்டவர்கள்

ராயக்கோட்டையில் பிறந்தவர்களுக்குக் கடல் என்பது பாடப்புத்தகத்துச் சங்கதி. மலைக்கோட்டையில் ஏறி எத்திசை நோக்கினாலும் தென்படுவன குன்றுகளும் தக்காளித் தோட்டங்களும்தாம். பிழைப்பின் பொருட்டுச் சென்னைக்கு வந்து, பெசன்ட் நகரில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் குடியேறியபோது, எங்கள் சமையலறை ஜன்னலில் கடல் இருந்தது. அதில் கப்பல்கள் நின்றன.

கடந்து செல்லும் கப்பல்கள் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். நாங்கள் கண்டவை பெரும்பாலும் கடந்து செல்லவில்லை. துறைமுகத்தில் இடம் கிடைக்கும்வரை நங்கூரமிட்டுக் காத்துக் கிடந்தன. குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் அவற்றை எண்ணி முடிப்பது எங்கள் வழக்கமாயிற்று. அடிப்பக்கத்துச் சிவப்புப் பூச்சு உயரத் தெரிந்தால் சரக்கில்லாத கப்பல். நீருக்குள் மறைந்திருந்தால் பாரம் ஏற்றியது. நங்கூரச் சங்கிலியில் கட்டுண்ட கப்பல் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் முகங்கொடுத்துத் திரும்பிக்கொள்ளும். ஆடி மாதத்தில் தெற்குப் பார்த்து நின்றவை, ஐப்பசி பிறந்தபின் ஒரு நாள் வடக்குப் பார்த்து நிற்கும். அப்போது கொடித் துணிகளை உள்ளே எடுக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். மற்றபடி உப்புக்காற்று ஜன்னல் கம்பிகளைத் தின்றது, அப்பளம் பொரித்த அரைமணியில் நமுத்தது. இவற்றைப் பற்றிப் புகார் சொல்லாத கடற்கரைவாசி யாரேனும் உண்டா?

ஊரிலிருந்து கேழ்வரகு மாவோடு வந்த அம்மா, கப்பல்களை வெகுநேரம் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "அதுல இருக்கறவங்க சாப்பாட்டுக்கு என்ன பண்றாங்க?"

அவருக்கு அது இயல்பான கேள்வி. ராயக்கோட்டையில் எங்கள் வீடு சாலையோரம். தக்காளி மண்டிக்கு வரும் லாரிகள் பாரம் ஏற்ற முறை வரும்வரை வாசலில் நிற்கும். ஓட்டுநரும் கிளீனரும் தண்ணீர் கேட்பார்கள்; அம்மா சில நாட்களில் களியும் கொடுப்பார். வாசலில் வண்டி நின்றால் அதில் ஆள் இருக்கிறார் என்பதே அவருக்கு முதற்செய்தி. கப்பலில் எல்லாம் இருக்கும் அம்மா, மாதக்கணக்கில் சேமித்து வைத்திருப்பார்கள் என்றோம்.

2012 அக்டோபர் 31. நீலம் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்த நாள். மணல் அறைந்த ஜன்னலுக்கு அப்பால் ஒரு கப்பல் மட்டும் வழக்கத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது. நங்கூரம் பிடிகொள்ளாமல் 'பிரதிபா காவேரி' என்னும் எண்ணெய்க் கப்பல் எங்கள் கரையில் தரைதட்டியது. அதில் 37 பேர். உயிர்காப்புப் படகில் இறங்கிய 22 பேரை அலை கவிழ்த்தது. மீனவர்கள் தம் உயிரைப் பொருட்படுத்தாது பலரை மீட்டனர். ஆறு பேர் இறந்தனர். கப்பலிலேயே தங்கிவிட்டவர்களை மறுநாள் ஹெலிகாப்டர் மீட்டது. நாளிதழ்கள் மெல்ல மெல்ல மற்றதைச் சொல்லின. கப்பலில் போதிய டீசல் இல்லை. உணவுக்கும் குடிநீருக்கும் தட்டுப்பாடு. சம்பளப் பாக்கி வேறு.

தொலைபேசியில் அம்மா கப்பலின் பெயரைக் கேட்டார். சொன்னோம்.

"நம்ம ஒகேனக்கல் காவேரியா? அந்தப் பேர வச்சுக்கிட்டு குடிக்கத் தண்ணியில்லாமயா இருந்தாங்க?"

அந்தப் பக்கம் வெகுநேரம் பேச்சில்லை. பிறகு, படகு தள்ளிப்போனவர்கள் யார், அவர்கள் வீடுகள் எங்கே என்று விசாரித்தார்.

அடுத்த சில நாட்கள் கடற்கரை திருவிழாக்கோலம் பூண்டது. பிள்ளைகளைத் தோளில் தூக்கிவந்து கப்பலைக் காட்டினார்கள். சுண்டல் வியாபாரம் சூடுபிடித்தது. அதைப் பழிக்க எங்களுக்கு மனமில்லை. அவ்வளவு பெரிய இரும்பை அவ்வளவு அருகில் யார்தான் கண்டிருக்கிறார்கள்?

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கையில், நவம்பர் 11ஆம் தேதி, இழுவைக் கப்பல் அதை ஆழ்கடலுக்கு இழுத்துச் சென்றது. வீட்டில் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தோம். மறுநாள் ஜன்னலில் பழைய கடல். தொலைவில் நின்ற கப்பல்கள் எல்லாம் வடக்குப் பார்த்து நின்றன. ஒன்றில் சிவப்புப் பூச்சு உயரத் தெரிந்தது. இருட்டியபின் அதன் பின்பகுதியில், சமையற்கட்டு இருக்கக்கூடிய இடத்தில், விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டே நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம்.