ஷூ தூசியில் பிறந்த விசிறி

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை டேனரிகளும் ஷூ கம்பெனிகளும் வரிசை கட்டி நிற்கின்றன. அவற்றின் சுவர்களில் ஆளுயரத்துக்கு மேலே பெரிய பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன்கள். அதே ஊர்களில் புதிதாகக் கட்டும் வீடுகளின் பாத்ரூம் சுவரில் அதன் குட்டி, ஆறு இன்ச்சில். கம்பெனியிலிருந்து வீட்டுக்கு வந்ததா, வீட்டிலிருந்து கம்பெனிக்குப் போனதா? பாத்ரூமுக்கு ஃபேன் வாங்க ஆம்பூர்க் கடையில் நின்றபோது எனக்குள் எழுந்த கேள்வி இது. கடைக்காரருக்கு இருந்த கேள்வி வேறு: "ஆறு இன்ச்சா, எட்டு இன்ச்சா?" இரண்டுக்கும் சேர்த்து விடை தேடினேன். தேடல் கடைசியில் போய் நின்ற இடம், அமெரிக்காவில் ஷூ தைத்துப் பிழைத்த ஓர் ஏழைத் தொழிலாளியின் பட்டறை.

விசிறி நமக்குப் புதிதல்ல. பனையோலை விசிறியும், வெள்ளைக்காரர் காலத்துக் கச்சேரிகளில் கயிறு கட்டி இழுத்த பங்காவும், இன்றைய சீலிங் ஃபேனும் செய்வது ஒரே வேலைதான். அறைக்குள் இருக்கும் காற்றை அசைக்கின்றன. மேலே பட்டால் வியர்வை உலர்கிறது, உடம்பு குளிர்கிறது. ஆனால் காற்று அதே காற்று. கெட்டுப்போன காற்றை வெளியே தள்ளி, அந்த இடத்துக்குப் புதுக்காற்றை வரவழைப்பது தனி வேலை. அந்த வேலை முதலில் தேவைப்பட்ட இடம் வீடு அல்ல, சுரங்கம். ஜெர்மானிய அறிஞர் அக்ரிகோலா சுரங்கத் தொழிலைப் பற்றி எழுதி 1556இல் வெளிவந்த நூலில், மரப்பெட்டிக்குள் இறக்கைகளைச் சுழற்றிச் சுரங்கத்துக்குக் காற்று அனுப்பும் கருவிகளின் படங்கள் இருக்கின்றன. ஆளும் காற்றும் தண்ணீரும்தான் அவற்றைச் சுற்றின. 1730களில் லண்டனில் டெசாகுலியர்ஸ் என்ற அறிவியலாளர், நாடாளுமன்ற அவையின் புழுக்கத்தைப் போக்கக் கையால் சுற்றும் பெரிய சக்கர விசிறி ஒன்றை அமைத்தார்.

இவையெல்லாம் ஒற்றை ஒற்றையாகச் செய்து வைத்தவை. எக்ஸாஸ்ட் ஃபேன் கடையில் விற்கும் சரக்காக, ஒரு தொழிலாக மாறியது 1860களில். மாற்றியவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஸ்டர்டெவன்ட்.

1833இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பிறந்த அவர், சிறுவயதிலேயே ஷூ தைக்கப் போனவர். அந்தக் காலத்தில் ஷூவின் அடித்தோலை மேல்தோலோடு இணைக்கச் சின்னச் சின்ன மர ஆணிகளை அடிப்பார்கள். அதை இயந்திரமாக்கும் யோசனையோடு, அரைகுறை மாதிரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு 1856இல் பாஸ்டனுக்கு வந்தார். மர ஆணி இயந்திரத்தோடு பல ஆண்டு போராட்டம். ஷூவின் அடியைத் தேய்த்து வழவழப்பாக்கும் பஃபிங் சக்கரத்திலிருந்து தோலும் மரமும் கலந்த மெல்லிய தூசி பறந்து தொழிலாளிகளின் மூக்கிலும் நெஞ்சிலும் ஏறுவதை அங்கேதான் அவர் கவனித்தார். தூசி அறை முழுக்கப் பரவிய பிறகு துரத்துவதைவிட, கிளம்பும் இடத்திலேயே உறிஞ்சிவிடலாம் என்று ஒரு சுழல்விசிறியைச் செய்தார். ஷூ ஆணியை மறந்துவிட்டு விசிறிக்காரரானார். 1878இல் பாஸ்டன் நகரின் ஜமைக்கா பிளெயின் பகுதியில் பெரிய விசிறி ஆலையே எழுந்தது. அவருடைய மருமகன் யூஜீன் ஃபாஸ் பின்னாளில் அந்தக் கம்பெனியை நடத்தி, மாசசூசெட்ஸ் மாநில ஆளுநராகவும் ஆனார்.

ஆக, கம்பெனிதான் முதல்; அதிலும் ஷூ கம்பெனி. ஆம்பூருக்கு இது சொந்தக் கதை மாதிரி.

ஐரோப்பியக் கால்களுக்கு ஷூ தைத்து அனுப்பும் இந்த ஊரில், அதே பஃபிங் இன்றும் நடக்கிறது. டேனரியில் தோலின் மேற்பரப்பைத் தேய்த்துச் சீராக்குகிறார்கள். ஷூ கம்பெனியில், அடிப்பகுதி ஒட்டும் முன் பசை பிடிப்பதற்காக மேல்தோலின் விளிம்பைச் சுரண்டிச் சொரசொரப்பாக்குகிறார்கள். ஒழுங்கான கம்பெனியில் ஒவ்வொரு மிஷினுக்கும் வாயருகே ஒரு கூண்டும் குழாயும் இருக்கும். தூசி அதன் வழியே பைக்குள் போய்ச் சேரும். இது சௌகரியத்துக்காகச் செய்த ஏற்பாடு அல்ல. இங்கிலாந்தின் ஷூ பிரதேசமான நார்த்தாம்டன்ஷயரில், தூசி அதிகமுள்ள வேலை பார்த்த ஷூ தொழிலாளர்களுக்கு மூக்குக் குழியில் அரிய வகைப் புற்றுநோய் வருவதை அச்சிசன் என்ற மருத்துவரும் சகாக்களும் 1970இல் எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, தோல் தூசியைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் பட்டியலில் வைத்திருக்கிறது.

ஸ்டர்டெவன்ட் கண்ட அதே நியாயத்தை இந்தியச் சட்டமும் எழுதி வைத்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 14ஆம் பிரிவு, தூசியும் புகையும் உறிஞ்சும் கருவியை அவை கிளம்பும் இடத்துக்கு எவ்வளவு கிட்டே வைக்க முடியுமோ அவ்வளவு கிட்டே வைக்க வேண்டும் என்றது. முடிந்தவரை அந்த இடத்தை மூடவும் சொன்னது. கிளம்பும் இடத்துக்குக் கிட்டே என்ற அந்த வரிதான் பாத்ரூமுக்கும் சூத்திரம்.

வீட்டுக்கு இந்த ஃபேன் வந்து சேரக் கரண்ட் வர வேண்டியிருந்தது. 1880களில் அமெரிக்காவில் ஷைலர் வீலர் மேசை மேல் வைக்கும் மின்விசிறியைச் செய்தார். மோட்டார் சிறுத்தது, மலிந்தது. 1936இல் இங்கிலாந்தில் ஜோசப் அகெஸ்டர், ஜன்னல் கண்ணாடியில் வட்டமாக ஓட்டை போட்டுப் பொருத்தும் மின்விசிறியை வடிவமைத்தார். வென்ட்-ஆக்ஸியா என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. நம் ஊரில் பாத்ரூம் வென்டிலேட்டர் கண்ணாடியில் ஒரு பலகையைக் கழற்றிவிட்டு ஃபேனைப் பொருத்துகிறார்களே, அதன் மூதாதை இதுதான். சுவரில் பொருத்தும் இந்த வகை ஃபேனுக்கு ஐ.எஸ். 2312 என்ற இந்தியத் தர விதியும் உண்டு.

இனி கடைக்காரரின் கேள்வி. இன்ச் என்பது இறக்கையின் வட்டம் மட்டும்தான். வேலை எவ்வளவு செய்யும் என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்றைத் தள்ளும் என்ற கணக்கு. பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள்.

எட்டடி நீளம், ஐந்தடி அகலம், ஒன்பதடி உயரமுள்ள பாத்ரூமை எடுத்துக்கொள்வோம். 360 கன அடி, அதாவது சுமார் 10 கன மீட்டர். பாத்ரூமில் மணிக்கு 6 முதல் 10 தடவை காற்று மாற வேண்டும் என்பது நம் தேசியக் கட்டிட விதித்தொகுப்பு காட்டும் அளவு. ஆகவே மணிக்கு 60 முதல் 100 கன மீட்டர். அமெரிக்காவில் காற்றோட்டத் தரங்களை வகுக்கும் ஆஷ்ரே அமைப்பு, தேவைப்படும்போது மட்டும் ஓட்டும் பாத்ரூம் ஃபேனுக்கு நிமிஷத்துக்கு 50 கன அடி என்கிறது. நம் கணக்கில் அது மணிக்கு 85 கன மீட்டர். இரண்டு கணக்கும் கைகோத்து நிற்கின்றன.

பெட்டியில் போட்டிருக்கும் அளவு, எதிர்ப்பு இல்லாத நிலையில் தள்ளும் காற்று. வலை, சட்டர், வளைந்து போகும் குழாய் என்று ஒவ்வொன்றும் அதில் கொஞ்சம் தின்னும். நேரே வெளிச்சுவரில் பொருத்தினால், சாதாரண இறக்கை ஃபேனே போதும். ஆறு இன்ச் ஃபேனில் தேவைக்கு மேலேயே காற்று கிடைக்கும். அடுக்குமாடியில் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே நீண்ட குழாய் வழியாகத் தள்ள வேண்டுமென்றால் இறக்கை ஃபேன் திணறும். அதற்கு, உள்ளே சக்கரம் சுழலும் சென்ட்ரிஃப்யூகல் வகை வேண்டும். டெசாகுலியர்ஸ் நாடாளுமன்றத்தில் வைத்ததும் அந்த வகைச் சக்கரம்தான்.

அளவுக்கு அடுத்தது இடம்.

குளிக்கும்போது எழும் ஆவி, காற்றைவிட லேசானது. வெந்நீர்ச் சூட்டில் இன்னும் வேகமாக மேலே ஏறும். எனவே ஃபேன் மேலே, ஷவருக்குக் கிட்டே, கதவுக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். கதவை ஒட்டி வைத்தால், கதவிடுக்கில் நுழையும் நல்ல காற்றையே அது இழுத்து வெளியே தள்ளும். மூலையில் தேங்கிய ஈரம் அங்கேயே கிடந்து பூஞ்சை பிடிக்கும்.

மேலே வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இந்தத் தோல் பிரதேசமே சாட்சி. பச்சைத் தோலில் மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவு, அமிலத் தன்மையுள்ள கழிவோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். காற்றைவிட அது சுமார் 1.2 மடங்கு கனம். தொட்டியின் அடியிலேயே தங்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. உள்ளே இறங்கியவர் விழ, காப்பாற்ற இறங்கியவரும் விழ, கழிவுத் தொட்டிச் சாவுகள் இப்படித்தான் நிகழ்கின்றன. கூரைக்குக் கீழே ஓடும் ஃபேன் அங்கே ஒன்றும் செய்யாது. தொட்டியின் அடிவரை குழாய் விட்டுக் காற்று செலுத்தி, கருவியால் வாயுவை அளந்து, ஆளை இறக்காமலே வேலையை முடிக்கப் பார்ப்பதுதான் வழி. விசிறி ஒன்றே, வைக்கும் உயரத்தை எந்த வாயு என்பதுதான் தீர்மானிக்கும்.

மூன்றாவது விஷயம், பெரும்பாலான வீடுகளில் கவனிக்காமல் விடுவது: காற்று உள்ளே வர வழி. மூடிய புட்டியில் வாய் வைத்து உறிஞ்சினால் கொஞ்ச நேரத்தில் ஒன்றும் வராதல்லவா, இறுக்கமாக மூடிய பாத்ரூமில் ஃபேனின் கதியும் அதுதான். இறக்கை சுற்றும், சத்தம் கேட்கும், காற்று நகராது. பழைய மரக்கதவுகள் அடியில் தேய்ந்து இடைவெளி விட்டிருந்தன. இன்று தரையைத் தொடும் பி.வி.சி. கதவு, அதன் அடியில் ரப்பர் பட்டை. கதவின் அடியில் முக்கால் இன்ச் இடைவெளியோ, கீழ்ப்பகுதியில் ஜாலியோ இல்லாமல் எந்த விலை ஃபேனும் பயன்படாது. சோதிப்பது சுலபம். கதவைத் திறந்து வைத்து, ஓடும் ஃபேனின் கூண்டில் ஒரு மெல்லிய காகிதத்தை வையுங்கள், ஒட்டிக்கொள்ளும். கதவை மூடியதும் அது தொய்ந்து விழுந்தால், குறை ஃபேனில் இல்லை, கதவில்.

கேஸ் கீசர் உள்ள வீட்டில் இது உயிர்ப் பிரச்சினை. ஜவ்வாது மலைக் காற்று இறங்கும் மார்கழியில் இந்தப் பக்கம் வெந்நீர் இல்லாமல் குளிக்க முடியாது. கேஸ் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. காற்று வரும் வழியில்லாத பாத்ரூமில் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால், கீசரின் புகையையே அது உள்ளே இழுத்துவிடலாம். கேஸ் கீசர் பாத்ரூமுக்கு வெளியே, திறந்த இடத்தில்தான் இருக்க வேண்டும். ஃபேன் இருக்கிறதே என்ற தைரியத்தில் உள்ளே மாட்டக் கூடாது.

பொருத்தும் வேலை அரை நாள் சமாச்சாரம். முதலில் ஃபேனை வாங்கி, அதன் பெட்டியில் உள்ள அளவைப் பார்த்த பிறகே சுவரை உடைக்க வேண்டும். சட்டம் உட்காரும் ஓட்டை, இறக்கை அளவைவிடப் பெரிதாக இருக்கும். ஒன்பது இன்ச் சுவரில் ஓட்டையின் அடி வெளிப்பக்கம் கொஞ்சம் சரிந்திருந்தால் மழைத் தண்ணீர் உள்ளே வராது. குழாய் வைத்தாலும் இதே சரிவு. இல்லாவிட்டால் குளிர்ந்த ஆவி நீராகி மோட்டாருக்கே திரும்பும். வெளியே சட்டர், அதற்குள் வலை: பல்லி, குளவி, புறா மூன்றும் காலி ஓட்டைக்குக் காத்திருப்பவை. ஸ்விட்ச் பாத்ரூமுக்கு வெளியே. எர்த் வயர் கட்டாயம். மின்கசிவு ஏற்பட்டால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டு இணைப்பில் இல்லையென்றால், எலக்ட்ரீஷியன் வந்திருக்கும்போதே அதையும் போட்டுவிடுவது நல்லது.

ஓட்டும் செலவைப் பற்றிப் பயம் வேண்டாம். 30 வாட் ஃபேனைத் தினம் ஒரு மணி நேரம் ஓட்டினால், இரண்டு மாத பில்லில் இரண்டு யூனிட்கூட வராது. குளித்து முடித்த பிறகும் இருபது நிமிஷம் ஓடட்டும். ஆவி போனாலும் சுவரின் ஈரம் போக அவ்வளவு நேரம் வேண்டும்.

வெளியே தள்ளுவது எங்கே போகிறது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. அதை இந்தப் பிரதேசத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டேனரிக் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில், வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் மனு மீது உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28இல், மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அதற்குப் பிறகும் தீராத பாலாற்றுப் பிரச்சினையில், 2025 ஜனவரி 30இல் மறுபடியும் ஒரு தீர்ப்பு வந்தது. வீட்டு ஃபேன் அவ்வளவு பெரிய குற்றவாளி அல்ல. ஆனாலும் ஆம்பூர், பேரணாம்பட்டுச் சந்துகளில் ஒரு வீட்டுச் சுவருக்கும் அடுத்த வீட்டு ஜன்னலுக்கும் இரண்டு முழம்கூட இருக்காது. எதிர்வீட்டுச் சமையலறையைப் பார்த்து ஃபேன் வைப்பதைவிட, வென்டிலேஷன் ஷாஃப்ட் இருந்தால் அதற்குள்ளோ, குழாய் விட்டு மொட்டை மாடிக்கு மேலேயோ விடுவது மரியாதை.

கடைக்குப் போகும் முன் பாத்ரூமின் நீளம், அகலம், உயரத்தை அளந்து ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கதவின் அடியில் விரல் நுழைகிறதா என்று பாருங்கள். கடையில் இன்ச் கணக்கைக் கேட்டதும் விலைக்குப் போகாமல், மணிக்கு எத்தனை கன மீட்டர் என்று கேளுங்கள். பெட்டியில் அந்த எண் இல்லாத ஃபேனை வாங்க வேண்டாம்.