பட்டம் யாருடையது? – ஒராதியாவிலிருந்து ஒரு கடிதம்

ஒராதியா, ருமேனியா

அன்புள்ள நண்பருக்கு,

ருமேனியாவின் மேற்கு ஓரத்தில், ஹங்கேரி எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஒராதியாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே வருகிறவர்கள் கருங்கழுகு மாளிகை போன்ற நூறாண்டுக் கட்டடங்களைப் பற்றித்தான் ஊருக்கு எழுதுவார்கள். அந்த வேலையை வழிகாட்டி நூல்கள் நன்றாகவே செய்கின்றன. நான் எழுத நினைப்பது இந்த ஊரின் பழைய கால்பந்துக் கிளப் பற்றி: கிளப் அத்லெதிக் ஒராதியா, சுருக்கமாகக் காவோ. 2017இல் மீண்டும் தொடங்கப்பட்டுக் கீழ்ப்பிரிவுகளில் ஆடிவந்த அணி இது. ருமேனியாவிலேயே பல இளைஞர்களுக்கு இதன் பெயர் பெரிதாக எதுவும் சொல்லாது. ஆனால் இந்தப் பெயரின் கணக்கில் 1944ஆம் ஆண்டின் ஹங்கேரி லீக் பட்டமும் 1949ஆம் ஆண்டின் ருமேனிய லீக் பட்டமும் இருக்கின்றன. ஐந்தாண்டு இடைவெளியில் இரண்டு நாடுகளின் பட்டம். அணி ஊரைவிட்டு எங்கும் போகவில்லை. ஹங்கேரிக்காரர்கள் முதலாவதைத் தங்களுடையது என்கிறார்கள், ருமேனியர்கள் இரண்டாவதை. இரண்டும் ஊருக்கு உரியவை என்பது என் கட்சி. அப்படிச் சொன்னால் பெருமையோடு பழியும் ஊர்க் கணக்கில்தான் சேரும். அதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

கிளப் 1910இல் தொடங்கியபோது ஊரின் பெயர் நாஜ்வாரத், ஆட்சி ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு. முதல் உலகப் போர் முடிந்து, 1920இல் திரியானோன் ஒப்பந்தம் ஊரை ருமேனியாவுக்குக் கொடுத்தது. அணி ருமேனியப் போட்டிகளில் ஆடத் தொடங்கி 1924இல் இரண்டாம் இடம், 1935இல் மறுபடி இரண்டாம் இடம் என்று வந்தது. 1940 ஆகஸ்ட் 30 அன்று ஹிட்லரின் ஜெர்மனியும் முசோலினியின் இத்தாலியும் முன்னின்று செய்த வியன்னா தீர்ப்பில் வடக்கு டிரான்சில்வேனியா ஹங்கேரிக்குப் போனது. ஊரோடு கிளப்பும் போனது. நாஜ்வாரத் ஏசி என்ற பெயரில் ஹங்கேரி லீக்கில் ஆடி, 1943இல் இரண்டாம் இடம், 1944இல் முதலிடம். புடாபெஸ்டுக்கு வெளியே உள்ள ஓர் அணி ஹங்கேரியின் சாம்பியன் ஆனது அதுவே முதல்முறை. அடுத்த வெளியூர் சாம்பியனாக ஜோர் நகர அணி வர 1963 ஆயிற்று. போர் முடிந்து ஊர் மறுபடி ருமேனியாவுக்கு வந்ததும் கிளப் லிபெர்தாத்தேயா ஆனது, பிறகு நகராட்சி நிறுவனத்தின் பெயரில் ஐசிஓ. அந்தப் பெயரில்தான் 1949இன் பட்டம். புரோகிரெசுல் என்ற இன்னொரு பெயரில் 1956இல் ருமேனியக் கோப்பையும் வந்தது. மேலும் சில பெயர்கள் மாறி 1963இல் கிளப் கலைக்கப்பட்டது. பெயர்ப் பட்டியலை மட்டும் பார்த்தால் ஏழெட்டு அணிகளின் கதை என்றே தோன்றும்.

ஆட்களைப் பார்த்தால் வேறு விதமாகத் தெரிகிறது. 1922 ஜூன் 8 அன்று பெல்கிரேடில் யூகோஸ்லாவியாவுக்கு எதிராக ருமேனிய தேசிய அணி தன் முதல் ஆட்டத்தை ஆடியது. அதில் ருமேனியாவின் முதல் கோலை அடித்தவர் இந்தக் கிளப்பின் ஃபெரென்ட்ஸ் ரோனாய். 1944இல் ஹங்கேரியின் பட்டத்தை வென்ற அணிக்குப் பயிற்சியாளரும் அதே ரோனாய்தான். 1949இல் ருமேனியப் பட்டத்தை வென்றபோது பயிற்சியாளராக இருந்த நிக்கோலாய் கோவாச், முதல் மூன்று உலகக் கோப்பைகளிலும் ருமேனியாவுக்காகச் சென்றவர், ஹங்கேரிய மொழிக்காரர். (1972, 1973 ஆண்டுகளில் ஆயாக்ஸ் அணிக்கு ஐரோப்பியக் கோப்பையை வென்று தந்த ஷ்டெஃபான் கோவாச் இவருடைய தம்பி. அவரும் இளமையில் இங்கே ஆடியவர்தான்.) இவர்கள் எல்லோரைவிடவும் பெரிய பெயர் யூலியு போதோலா. ருமேனியாவுக்கு 48 ஆட்டங்களில் 30 கோல்கள். பிற்காலத்து ஆட்டக்காரர் ஹாஜி வந்து முறியடிக்கும்வரை அதுதான் அந்நாட்டுச் சாதனை. வியன்னா தீர்ப்புக்குப் பிறகு அவர் புக்கரெஸ்டிலிருந்து திரும்பி வந்து நாஜ்வாரத்துக்கு ஆடினார், ஹங்கேரி தேசிய அணிக்கும் 13 ஆட்டங்கள் ஆடினார். ஹங்கேரியப் பதிவேடுகளில் அவர் ஜூலா போதோலா. ஃபிரான்சிஸ்க் ஸ்பீல்மான் இரண்டு பட்டங்களிலும் இருந்தவர். ஹங்கேரிப் பக்கத்தில் அவரை ஃபெரென்ட்ஸ் சார்வாரி என்று தேட வேண்டும். ஒரே மனிதர் இரண்டு நாட்டு ஏடுகளில் இரண்டு பேராக நிற்கிறார். இதில் தேசம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கோடு போட முயன்றால், அந்தக் கோடு ஆட்டக்காரர்களின் குறுக்கேதான் போகும்.

‘இது ஹங்கேரியக் கிளப்தானே, ருமேனிய ஆடை போர்த்தி நின்றது அவ்வளவுதான்’ என்று ஒரு வாதம் உண்டு. மொழியை மட்டும் வைத்துப் பார்த்தால் அதில் உண்மை இருக்கிறது. ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசியது ஹங்கேரியம்தான். ஆனால் அதே அளவுகோலைப் பிடித்தால் அந்தக் காலத்து ருமேனியக் கால்பந்தில் பாதியைக் கழித்துவிட வேண்டியிருக்கும். 1922 முதல் 1927 வரை தொடர்ந்து ஆறு பட்டங்களை வென்றது திமிஷ்வாராவின் கினேசுல். அதன்பின் கொடிகட்டிப் பறந்தது அதே ஊரின் ரிபென்சியா. போருக்குப் பிந்திய முதல் பெரிய அணியான யூடிஏவை ஆராத் நகரில் 1945இல் தொடங்கியவர் யூதத் தொழிலதிபரான பிரபு நோய்மான். திமிஷ்வாரா இருக்கும் பனாத் பகுதியிலும் டிரான்சில்வேனியாவிலும் ஹங்கேரியம், ஜெர்மன், ருமேனியம் பேசியவர்களும் யூதர்களும் கலந்து வளர்த்த ஆட்டம் அது. புக்கரெஸ்ட் மெதுவாகத்தான் அதை எட்டிப் பிடித்தது.

இரண்டாவது மறுப்பு: இரு நாட்டுப் பட்டம் ஒன்றும் உலக அதிசயம் அல்ல. வியன்னாவின் ராபிட் அணி 1941இல் ஜெர்மனியின் சாம்பியன். டெர்ரி சிட்டி வட அயர்லாந்து லீக்கையும் பிறகு அயர்லாந்துக் குடியரசு லீக்கையும் வென்றது. சாக்ரெபின் டினமோவிடம் யூகோஸ்லாவியப் பட்டமும் குரோஷியப் பட்டமும் உண்டு. ஒப்புக்கொள்கிறேன், விளம்பரத்துக்காக ‘ஒரே அணி’ என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அபூர்வம் என்பதற்காக நான் இதை எடுக்கவில்லை. ராபிட் ஜெர்மனியிலிருந்து தன் சொந்த நாட்டுக்குத் திரும்பிற்று, டினமோவின் ஊருக்குப் புதிய நாடு அமைந்தது. ஒராதியாவில் ஒவ்வொரு முறை கொடி மாறியபோதும் ஊரில் பாதிப் பேர் அயலாராகிப் போனார்கள், மறுபாதியினர் வீடு திரும்பியதாக நினைத்தார்கள். அந்த நிலையிலும் அதே மைதானத்தில் ஏறத்தாழ அதே ஆட்கள் ஆடினார்கள் என்பதுதான் என் சான்று.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. 1944இன் பட்டம் எந்தச் சூழலில் வந்தது? யூதர்களின் கிளப்பாக அறியப்பட்ட புடாபெஸ்டின் ஹுங்காரியா, அதாவது எம்டிகே, 1936லும் 1937லும் சாம்பியன். யூத எதிர்ப்புச் சட்டங்களின் நெருக்கடியில் 1940இல் கலைந்துபோனது. அப்படிப் போட்டியாளர் ஒருவர் அகற்றப்பட்ட லீக் அது. நாஜ்வாரத்திலேயே 1941 கணக்கெடுப்பின்படி 21,000க்கும் மேற்பட்ட யூதர்கள் இருந்தார்கள், ஊரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். 1944 மார்ச்சில் ஜெர்மன் படைகள் ஹங்கேரியை ஆக்கிரமித்தன. மே மாதத் தொடக்கத்தில் இங்கே யூதர்களைத் தனியே ஒதுக்கிய கெட்டோவில் அடைத்தார்கள். புடாபெஸ்டை விட்டால் ஹங்கேரியின் ஆகப் பெரிய கெட்டோ. சில வாரங்களுக்குள் ரயில்கள் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்குப் புறப்பட்டுவிட்டன. ஏவா ஹைமன் என்ற 13 வயதுச் சிறுமி அந்த நாட்களில் எழுதிய நாட்குறிப்பு தப்பிப் பிழைத்தது, அவள் பிழைக்கவில்லை. ஊர் தன் முதல் சாம்பியன் பட்டத்தைப் பெற்ற வசந்தமும் இதே வசந்தம்தான்.

அப்படியானால் அந்தப் பட்டத்தையே அழித்துவிடலாமா? சிலர் போர்க்கால லீக் என்று சொல்லித் தள்ளிவிடுகிறார்கள். நான் ஒப்பவில்லை. ஆட்டங்கள் நடந்தன, ஃபெரென்ட்ஸ்வாரோஷ் போன்ற அணி பின்னால்தான் நின்றது. அதே ஆண்டு கோலோஷ்வார் அணி, அதாவது இன்றைய குளூஜ், மூன்றாம் இடத்துக்கு வந்ததும் டிரான்சில்வேனிய ஆட்டத்தின் தரம் பொய்யல்ல என்று காட்டுகிறது. ஆனால் பட்டத்தை மட்டும் தனியே வெட்டி எடுத்துச் சட்டகத்தில் மாட்டுவது இன்னும் மோசம். ஹங்கேரியின் வெற்றி என்று எழுதினால் புடாபெஸ்டின் அரசு செய்தது மறைகிறது. அந்நிய ஆட்சிக் காலத்துச் செய்தி என்று ருமேனியா ஒதுக்கினால், கொண்டு செல்லப்பட்டவர்கள் இந்த ஊரின் குடிமக்கள் என்பது மறைகிறது. ஊரின் பட்டம் என்று எழுதினால்தான் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத முடியும்.

2017இன் கிளப்புக்கு இதில் என்ன உரிமை? சட்டப்படி மிகக் குறைவு. 1963க்கும் 2017க்கும் நடுவே 54 ஆண்டுகள் வெற்றிடம்; அதை இட்டு நிரப்பிய எஃப்சி பிஹோர் வேறொரு கிளப், அதுவும் 2016இல் கலைந்தது. பெயரும் பட்டமும் சொத்து என்று ருமேனியாவில் நீதிமன்றம்வரை போயிருக்கிறார்கள்: ராணுவத்தின் கிளப் தொடுத்த வழக்குகளின் முடிவில், ஸ்டெயாவா என்று நாம் அறிந்த முதல் பிரிவு அணி 2017இல் தன் பெயரை எஃப்சிஎஸ்பி என்று மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த நோக்கில் பார்த்தால் புதிய காவோ வாரிசு அல்ல, பெயரன் என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனால் ஊர் உரிமை கொண்டாடும் பொருளை ஊரில் யாராவது ஒருவர் வைத்துக் காக்க வேண்டும். பழைய பெயரைச் சுமக்க முன்வந்தவர்களுக்கு அந்தப் பொறுப்பைக் கொடுப்பதில் தவறில்லை, ஒரு நிபந்தனையோடு: சின்னத்திலோ சுவரிலோ 1949ஐ எழுதுகிறவர்கள் 1944ஐயும் எழுத வேண்டும், அந்த வசந்தத்தில் நடந்ததையும் சேர்த்து.

நீங்கள் இந்தப் பக்கம் வந்தால் ஊரின் மைதானத்தைப் பாருங்கள். அதற்கு இப்போது யூலியு போதோலாவின் பெயர். அதற்கு முன்பு கிரிஷூல் ரெபெதே ஆற்றங்கரையில் 1878இல் கட்டிய சீயோன் யூத ஆலயத்துக்கு ஒருமுறை போய்விட்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்